பரிமாற்றம் யாருக்கு? பரிதவிப்பு யாருக்கு?
வைத்தியம் படிக்கக் கடல் கடக்கும் பிள்ளைகளைப் பற்றி

புதுவை நகரில் பாரதி பூங்காவுக்கு எதிரே சட்டசபைக் கட்டிடம் நிற்கிறது. மனுக் கொடுக்கவும் முழக்கமிடவும் அந்தப் பக்கம் போய் வந்த தொழிலாளர்கள் நம்மில் அநேகர் உண்டு. அதே இடத்தில் ஒரு காலத்தில் வைத்தியப் பள்ளிக்கூடம் நடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பிரெஞ்சு சர்க்கார் 1823-ல் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. பிரெஞ்சுக் கடற்படையையும் காலனிப் படையையும் சேர்ந்த டாக்டர்கள் அதிலே பாடம் நடத்தினார்கள். படித்துத் தேறியவர்களுக்கு ஒரு பட்டயம் வழங்கப்பட்டது. அந்தப் பட்டயத்தின் பெயர் 'உள்ளூர் வைத்தியர்'.

பெயரிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கொண்டு பிரெஞ்சுக் காலனிகளில் வைத்தியம் பார்க்கலாம். அதற்கு மேல் கிடையாது. பாடம் சொன்னவர் பாரிஸிலும் டாக்டர், புதுவையிலும் டாக்டர். பாடம் கேட்டவரோ காலனியில் மட்டும் டாக்டர். காய்ச்சல் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். ஆனால் காகிதம் மட்டும் இரண்டு!

1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு ஆட்சி புதுவையை விட்டுப் போயிற்று. 1956-ல் இந்திய சர்க்கார் அந்தப் பள்ளியை ஏற்று தன்வந்திரி வைத்தியக் கல்லூரி என்று பெயரிட்டது. 1964-ல் அது கோரிமேட்டில் ஜிப்மர் ஆகியது. இன்று நாடெங்குமிருந்து மாணவர்கள் அங்கே இடம் தேடி வருகிறார்கள். இது நமக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த 'இரண்டு காகித' நியாயம் பிரெஞ்சுக்காரனோடு கப்பலேறிப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு வேஷத்தில் அது இன்னும் நமது பிள்ளைகளைத் துரத்துகிறது.

இரண்டு வகைப் பிரயாணம்

வைத்திய மாணவர்கள் வெளிநாடு போவதில் இன்று இரண்டு வகை உண்டு.

முதல் வகைக்கு மாணவர் பரிமாற்றம் என்று பெயர். உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1951-ல், பல நாட்டு வைத்திய மாணவர் சங்கங்கள் சேர்ந்து ஒரு சர்வதேச சம்மேளனத்தை அமைத்தன. இங்கே படிக்கும் மாணவர் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய நாலு வாரம் வேலை பழகுவார். அங்கே படிப்பவர் இங்கே வந்து பழகுவார். தங்க இடமும் ஒரு வேளைச் சாப்பாடுமாவது வரவேற்கும் நாட்டுச் சங்கம் கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். தேசங்கள் ஒன்றையொன்று அறிவதை உழைப்பாளி மக்கள் ஒருபோதும் எதிர்த்ததில்லை.

ஆனால் விமானச் செலவு யாருடையது? மாணவருடையது. விசாச் செலவும், கைச்செலவும், குளிருக்குச் சட்டை வாங்கும் செலவும் மாணவருடையதே. ஆகவே போகிறவர் யார் என்பது மூளையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. வீட்டுப் பெட்டியாலும் தீர்மானிக்கப்படுகிறது. பாகூரில் நாற்று நடும் தாயின் மகள் அரசுக் கல்லூரியில் முட்டி மோதி இடம் பிடித்துவிட்டாலும், நாலு வாரப் பரிமாற்றத்துக்கு அவள் பெயர் கொடுக்க மாட்டாள். கூடப் படிக்கிறவர்கள் போய் வந்து படம் காட்டுவார்கள். அவள் பார்ப்பாள்.

இரண்டாவது வகை வேறு. இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர், தனியார் கல்லூரியில் ஆண்டுக்குப் பல லட்சம் கட்ட வழியில்லாதவர், காணியை விற்றோ வீட்டை அடகு வைத்தோ உக்ரைனுக்கும், ஜார்ஜியாவுக்கும், பிலிப்பைன்ஸுக்கும் ஆறு வருஷம் போகிறார். அவர் உலகத்தைப் பார்க்கப் போகவில்லை. உள்ளூரில் கதவு சாத்தப்பட்டதால் போகிறார். மில்கள் 2020-ல் கதவை மூடியபோது கைக்கு வந்த கடைசிப் பணத்தைப் பிள்ளையின் படிப்பில் போடலாமா என்று யோசித்துக் கொண்டிருக்கும் குடும்பங்கள் முக்கியமாக இந்த இரண்டாவது வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உக்ரைன் காட்டிய பாடம்

2022 பிப்ரவரி 24-ந் தேதி உக்ரைனில் யுத்தம் மூண்டது. அப்போது அங்கே படித்துக் கொண்டிருந்த இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வைத்தியம் படித்தவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் புதுவைப் பிள்ளைகளும் அதில் உண்டு. கார்கிவ் நகரில் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்தார்கள். சுமி நகரில் குழாய்த் தண்ணீர் நின்றபோது பனியை அள்ளி உருக்கிக் குடித்தார்கள். அங்கிருந்தவர்களை வெளியே கொண்டுவர மார்ச் 8-ந் தேதி வரை ஆயிற்று. பலர் எல்லை வரை மைல் கணக்கில் நடந்தார்கள். மார்ச் 1-ந் தேதி கார்கிவில், உணவு வாங்க வெளியே வந்த கர்நாடகத்து மாணவர் ஒருவர் குண்டு வீச்சில் உயிரிழந்தார்.

உயிரோடு திரும்பியவர்களுக்கு விமான நிலையத்தில் வரவேற்பு நடந்தது. மாலை வாடுவதற்குள் கேள்வி எழுந்தது: இனிப் படிப்பு என்ன ஆகும்?

எங்கள் நாட்டுக் கல்லூரிகளிலேயே இடம் கொடுங்கள் என்று மாணவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டத்தில் வழியில்லை என்று 2022 செப்டம்பரில் மத்திய சர்க்கார் பதில் சொல்லிற்று. அதே மாதம் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு வழியைச் சொன்னது. அதற்கு 'கல்வி இடப்பெயர்வுத் திட்டம்' என்று பெயர். உக்ரைன் கல்லூரியில் பெயர் இருக்கும். மாணவர் வேறொரு நாட்டுக் கல்லூரியில் போய்ப் படிப்பார். பட்டத்தை உக்ரைன் கல்லூரியே கொடுக்கும். கேட்கும்போது இதுவும் ஒரு பரிமாற்றம் போலத்தான் தோன்றும்.

ஆனால் நடந்ததென்ன? இன்னொரு நாடு, இன்னொரு விசா, இன்னொரு விமான டிக்கெட், இன்னொரு வீட்டு வாடகை! ஒரு படிப்புக்கு இரண்டு நாட்டுச் செலவு. கடனில் வாங்கிய காசு முதல் நாட்டிலேயே தீர்ந்து போயிருந்தது. இந்தத் திட்டத்தில் சர்க்கார் கொடுத்தது 'ஆட்சேபணை இல்லை' என்ற காகிதம். செலவு முழுவதும் பெற்றோர் தலையில். வசதியுள்ளவன் பரிமாற்றத்துக்குப் போனால் அது அனுபவம். வசதியற்றவன் தலையில் அதே பரிமாற்றம் விழுந்தால் அது அலைக்கழிப்பு.

விதி சொல்வது என்ன?

இதிலே கவனிக்க வேண்டிய ஒரு விசித்திரம் இருக்கிறது. 2002-ல் வந்த விதி, வெளிநாட்டில் வைத்தியம் படிப்பவர் முழுப் படிப்பையும் ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும் என்றது. 2021 நவம்பரில் வந்த புதிய விதி இன்னும் இறுக்கமானது. குறைந்தது 54 மாதப் படிப்பு, அதன் மேல் 12 மாதப் பயிற்சி, இரண்டும் அதே கல்லூரியில். பட்டம் தரும் நாட்டைத் தவிர வேறு எந்த நாட்டிலும் எந்தப் பகுதியையும் படிக்கக் கூடாது என்று அது சொல்கிறது.

போலிக் கல்லூரிகளையும் தரகர்களையும் தடுப்பதற்கு இப்படி ஒரு விதி தேவை என்று சொல்லப்படுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். இங்கே கல்லூரியில் இடம் கிடைத்தவர் நாலு வாரம் வெளிநாடு போனால் அது அவருக்குச் சிறப்பு. ஜெர்மனியில் பார்த்தேன், பிரிட்டனில் பார்த்தேன் என்று சொல்லிக் கொள்ளலாம். இடம் கிடைக்காமல் வெளிநாட்டில் படிப்பவர் பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் பயின்றால் அது அவருக்குக் குற்றம். பட்டமே செல்லாமல் போகும். ஒரே செயல், ஒருவருக்குப் பதக்கம், மற்றவருக்குத் தண்டனை. யுத்தம் வந்து கல்லூரிக் கட்டிடமே இடிந்த பிறகுதான் இந்த விதியைத் தளர்த்த மனம் வந்தது.

படிப்பை ஏறக்குறைய முடித்துவிட்டவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். கடைசி ஆண்டு மாணவர்கள் இந்தியாவிலேயே இறுதித் தேர்வு எழுத வாய்ப்பளிக்கலாம் என்ற ஏற்பாட்டை 2023 மார்ச் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஏற்றது. அதில் தேறினால் இரண்டு ஆண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதிலே முதல் ஆண்டுக்கு ஊதியம் கிடையாது. மில் தொழிலாளிக்கு இது புதிதல்ல. வேலை தெரியும், கை ஓடும், ஆனால் காலைச் சங்கு ஊதும்போது வாசலில் நின்று 'இன்று எனக்கு உண்டா?' என்று பார்க்கும் பதிலித் தொழிலாளியை நாம் நன்றாக அறிவோம். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஏழை வீட்டு டாக்டர் இன்று வைத்தியத் துறையின் பதிலியாக நிற்கிறார்.

தேர்வை எடுத்துவிடச் சொல்கிறோமா?

இல்லை. இங்கே நாம் தெளிவாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் படித்தவர் இங்கே வைத்தியம் பார்க்க 2002 முதல் ஒரு தகுதித் தேர்வு நடக்கிறது. 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் பருவத் தேர்வை எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறினார்கள். தேர்வையே நீக்கு என்று சிலர் கேட்கிறார்கள். அரைகுறையாகப் படித்த டாக்டரிடம் முதலில் மாட்டுகிறவர் யார்? பணக்காரர் அல்ல; அவர் கேட்டு விசாரித்துப் பெரிய டாக்டரிடம் போவார். அரைகுறை வைத்தியத்துக்கு முதல் பலி வில்லியனூர் வயலிலிருந்து காய்ச்சலோடு வருகிற கூலித் தொழிலாளியே. ஆகவே தேர்வு இருக்கட்டும்.

நாம் கேட்பது இதுதான்: ஐந்தில் நாலு பேர் தவறுகிறார்கள் என்றால், பாவும் ஊடையும் சேராத இடம் எது என்று பார்க்க வேண்டாமா? நூல் அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி முடிச்சுப் போடுகிறான். நூலைத் திட்டிக் கொண்டு நிற்பதில்லை. நோயாளியின் பாஷை தெரியாத நாட்டில் படித்தவருக்கு நோயாளியோடு பேசிப் பழகும் பயிற்சி குறைந்திருக்கும். நமது நாட்டு நோய்களை அவர் படுக்கையருகே பார்த்திருக்க மாட்டார். அந்தக் குறையை அரசு ஆஸ்பத்திரியில் வைத்துப் பயிற்றுவித்து நிறைவு செய்யலாம். அதைச் செய்யாமல் தேர்வு தவறியவர்களைத் தனியார் பயிற்சிக் கூடங்களின் கையில் விட்டு, மறுபடியும் கட்டணம் கட்ட வைப்பது எந்த நியாயம்?

பாடப் புத்தகம் நமது உடம்பு

பரிமாற்றத்தின் மறுபக்கத்தையும் பார்ப்போம். வெளிநாட்டு வைத்திய மாணவர்கள் நமது நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரிக்குப் பல காலமாக வந்து கொண்டிருக்கிறார்கள். எதற்கு? அவர்கள் ஊரில் அபூர்வமாகிவிட்ட காசநோயை, தொழுநோயை, பாம்புக் கடியை இங்கே பார்க்கலாம். அவர்கள் புரட்டிப் படிக்கும் புத்தகம் எது? வார்டில் படுத்திருக்கும் கூலிக்காரனின் மார்பும் முதுகும்தான்! வரப்பில் பாம்பு கடித்துக் கொண்டுவரப்பட்ட விவசாயத் தொழிலாளி சம்பளம் வாங்காத வாத்தியாராகப் படுத்திருக்கிறார்.

வரட்டும், படிக்கட்டும். நாம் விரோதம் பாராட்டவில்லை. ஆனால் மொய் எழுதினால் திரும்பி வர வேண்டும் என்பது நமது ஊர் நியாயம். நமது நோயாளி பாடமாக இருக்கிறார் என்றால், அதற்கு ஈடாக அந்தக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே போய்ப் படிக்க வழி வேண்டும். ஒரு கை மட்டும் கொடுத்து, மறு கை மட்டும் வாங்கினால் அதற்குப் பெயர் பரிமாற்றம் அல்ல.

அங்கே போகிற மாணவர் எதைப் பார்த்து வர வேண்டும்? பெரிய பெரிய மிஷின்களை மட்டுமா? மிஷினை விலை கொடுத்து வாங்கிவிடலாம். பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரி வாசல். பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் தேசிய சுகாதார சேவை நடக்கிறது. அங்கே நோயாளி டாக்டரைப் பார்ப்பதற்கு முன் பணம் கட்டும் ஜன்னலில் நிற்பதில்லை. செலவு வரிப் பணத்திலிருந்து போகிறது. அதிலும் இன்று காத்திருப்பும் குறைகளும் உண்டு. ஆனாலும் சட்டைப் பையைத் தடவிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடியும் என்பதைக் கண்ணால் கண்டு வந்த மாணவர், இங்கே வந்து 'அது முடியாத காரியம்' என்று சொல்ல மாட்டார். அந்த ஒரு பாடத்துக்காகவே நமது பிள்ளைகள் போக வேண்டும்.

நியாயமான பரிமாற்றம் நடக்காததா?

நடந்திருக்கிறது, நடக்கிறது.

ஐரோப்பிய நாடுகள் 1987 முதல் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தை நடத்துகின்றன. ஒரு நாட்டு மாணவர் இன்னொரு நாட்டில் மாதக் கணக்கில் படிக்கிறார். போகிற கல்லூரியில் கட்டணம் கிடையாது. செலவுக்குப் பொதுப் பணத்திலிருந்து உதவித் தொகை உண்டு. அங்கே படித்தது இங்கே கணக்கில் சேரும் என்று புறப்படும் முன்பே எழுதி முடிவாகிறது. வைத்திய மாணவர்களும் இதில் போகிறார்கள்.

கியூபா ஒரு சிறிய தேசம், பணக்கார தேசமல்ல. 1998-ல் மத்திய அமெரிக்காவைப் பெரும் புயல்கள் சூறையாடின. அதையொட்டி 1999-ல் ஹவானாவில் லத்தீன் அமெரிக்க வைத்தியப் பள்ளியைத் திறந்தார்கள். பல தேசத்து ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாக வைத்தியம் கற்பித்தார்கள். அவர்களிடம் கேட்டது, படித்து முடித்ததும் வைத்தியர் இல்லாத உங்கள் சொந்தச் சீமைக்குத் திரும்பிப் போங்கள் என்பதே.

நமது வீட்டிலேயே உதாரணம் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1925-ல் சர்க்கார் உதவியோடு லண்டன் போய்ப் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் படித்தார். படித்தவர் அங்கேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்து சட்டசபையில் பெண்களுக்காகப் போராடினார். 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்ததற்கு அவரே காரணம். பொதுப் பணத்தில் ஒருவரை அனுப்பினால் பொதுமக்களுக்கு என்ன திரும்பி வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த மூன்றிலும் பொதுவான அம்சம் என்ன? செலவு பொதுப் பணம். காகிதம் இரண்டு பக்கமும் செல்லும். கற்றது மக்களிடம் திரும்புகிறது. இந்த மூன்றும் இருந்தால் அது பரிமாற்றம். இல்லாவிட்டால் அது வியாபாரம், அல்லது விரட்டியடிப்பு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தரகர் வீட்டுக்கு வந்து படம் காட்டும்போது இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? பாடம் இங்கிலீஷில் நடக்கிறதா? 12 மாதப் பயிற்சி அதே கல்லூரியில் உண்டா? அந்த நாட்டுக் குடிமகனைப் போலவே அங்கே வைத்தியம் பார்க்கப் பதிவு கிடைக்குமா? திரும்பி வந்து இங்கே இன்னும் 12 மாதம் பயிற்சி செய்ய வேண்டுமென்று சொன்னாரா? நீட் தேர்வில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் படித்தால் இங்கே செல்லாது என்ற விதி 2018 முதல் இருப்பதைச் சொன்னாரா? இவற்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் அவரை வாசலோடு அனுப்பி விடுங்கள். காணியை விற்கப் பத்திரம் எழுதுவதற்கு முன் சங்கத்துப் படித்த தோழர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டுங்கள்.

நாம் கேட்பது

கடல் கடக்கும் கட்டாயத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் தமிழ்நாடு 2020-ல் 7.5 சதவீத இடம் ஒதுக்கிற்று. அவர்களுடைய கட்டணத்தையும் ஏற்றது. புதுவையில் 2023-ல் 10 சதவீதம் வந்தது. இது ஆரம்பம்தான். புதுவைப் பிரதேசத்தில் தனியார் வைத்தியக் கல்லூரிகள் பல இருக்கின்றன. அரசுக் கல்லூரிகளையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த நிலை மாறாமல் பிள்ளைகளின் ஓட்டம் நிற்காது.

ஆகவே:

1. அரசு வைத்தியக் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்க வேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து வருகிறவருக்குப் படிப்பு முடியும் வரை கட்டணத்தைச் சர்க்காரே ஏற்க வேண்டும்.

2. வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்குப் போகும் இடங்களில் ஒரு பங்கை உழைப்பாளி வீட்டு மாணவர்களுக்கு ஒதுக்க வேண்டும். பிரயாணச் செலவு பொதுப் பணத்திலிருந்து வர வேண்டும். போய் வந்தவர் பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு போன்ற கிராமப் பகுதிகளின் சுகாதார நிலையங்களில் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும்.

3. இங்கே பயில வரும் வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்கும் கட்டணம் நோயாளிகளின் வசதிக்கே செலவாக வேண்டும். நோயாளிக்குத் தமிழில் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே அவரைப் பாடமாக்க வேண்டும்.

4. எந்த நாட்டு எந்தக் கல்லூரிப் படிப்பு இங்கே செல்லும் என்ற விவரத்தை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டுத் தாலுகா அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.

5. படித்துத் திரும்பியவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச ஆயத்தப் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சிக் காலம் முழுவதற்கும் ஊதியம் வேண்டும்.

இவை ஆகாயத்துச் சந்திரனைக் கேட்பதல்ல. 1936-ல் பிரான்சிலே தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுவையில் உரிமை கேட்ட மில் தொழிலாளர்கள் மீது அதே ஆண்டு ஜூலை 30-ந் தேதி துப்பாக்கி வெடித்தது. 12 பேர் மாண்டார்கள். அதன் பிறகே, 1937-ல், இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அங்கே இருக்கும் நியாயம் இங்கே தானாகக் கப்பலேறி வந்ததில்லை என்பது இந்த ஊர்த் தொழிலாளிக்குத் தெரியும். உள்ளூர் வைத்தியருக்கு ஒரு காகிதம், மற்றவருக்கு ஒரு காகிதம் என்ற பழக்கமும் தானாகப் போகாது.

இந்தக் கோரிக்கைகளைச் சங்கக் கூட்டங்களில் படியுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்களுக்குப் படித்துக் காட்டுங்கள். இதிலே சேர்க்க வேண்டியது எது, திருத்த வேண்டியது எது என்று விவாதியுங்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரே மனுவாகச் சட்டசபைக்குக் கொண்டு போவோம்.